ஐந்து நிறமும் ஒரே கரண்டியில்: காய்கனிப் பொடி டப்பாவைப் பிரித்துப் பார்த்தபின்

டப்பாவின் முகப்பில் ஒரு வானவில். அதற்குக் கீழே, ஒரு கரண்டி போட்டால் அன்றைய காய்கனிக் கணக்கு முடிந்தது என்கிற தொனியில் ஒரு வாசகம். திருப்பினால் பொடி எழுத்தில் முப்பது பெயர்கள். காய்கனிப் பொடி பல பெயர்களில், பல டப்பாக்களில் விற்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு மூன்றே ரகம்: சாற்றைப் பிழிந்து தூவி உலர்த்தியது, முழுக் காயைச் சீவி சூடான காற்றில் காயவைத்து அரைத்தது, உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தியது. ஆகவே இந்த விமர்சனம் எந்த ஒரு பிராண்டுக்கும் உரியதல்ல, அந்த வகைக்கே உரியது.

எடையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி. உருளை, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகள் இதில் சேராது. 80 கிராம் வீதம் ஐந்து பங்கு. எடுத்துக்காட்டாகத் தக்காளி, கேரட், பாலக்கீரை, ஊதா முட்டைகோஸ், ஆரஞ்சுப் பழம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரை முழுவதும் எடுத்துவிட்டால் 80 கிராம் தக்காளியில் மிஞ்சுவது சுமார் 4.5 கிராம். கேரட்டில் 9.5, கீரையில் 7, முட்டைகோஸில் 8, ஆரஞ்சில் 10.5. கூட்டினால் ஏறக்குறைய 40 கிராம். டப்பாவுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் கரண்டி கொள்வது பெரும்பாலும் 8 முதல் 12 கிராம்தான்.

அதாவது கரண்டி முழுக்க வெறும் காய்கனிதான், வேறெதுவும் கலக்கவில்லை என்று பெரிய மனதோடு ஒப்புக்கொண்டால்கூட 10 கிராம் பொடி 100 கிராம் பச்சைக் காய்க்குச் சமம். அதில் 3 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் தூள், இனிப்பு, வாசனை என்று போனால் மிச்சம் 70 கிராம். ஒரு பங்குக்கே பத்து கிராம் குறைகிறது. டப்பா சொல்லும் "ஐந்து பங்கு" எங்கிருந்து வந்தது என்றால், ஐந்து பங்கில் இருக்கும் ஏதோ ஒரு சத்தின் அளவுக்கு அதே சத்தைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள். பெரும்பாலும் அந்தச் சத்து வைட்டமின் சி. பொருள் பட்டியலின் கடைசியில் அஸ்கார்பிக் அமிலம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், லேபிளில் பெருமையாக நிற்கும் 80 மி.கி. வைட்டமின் சி ஒரு சிட்டிகை வெள்ளைத்தூளிலிருந்து வந்தது. அதே 80 மி.கி. வேண்டுமென்றால் 65 கிராம் சிவப்புக் குடைமிளகாய், அரைக்காய்க்கும் கொஞ்சம் கூட, பச்சையாகக் கடித்தால் போதும்.

நார்ச்சத்தில் இடைவெளி இன்னும் பெரிது. மேலே சொன்ன ஐந்து பங்கிலும் சேர்த்து 8 முதல் 9 கிராம் நார் இருக்கும். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு இதிலேயே வந்துவிடுகிறது. சாற்றுப் பொடியில் நார் ஒரு கிராமைத் தொட்டாலே அதிசயம். பிழியும்போது சக்கையோடு போனது திரும்பி வராது.

தூவி உலர்த்துவது எப்படி என்று தெரிந்தால் மால்டோடெக்ஸ்ட்ரின் ஏன் வந்தது என்பதும் விளங்கும். சாற்றை நுண்துளிகளாக 150 முதல் 200 டிகிரி சூட்டில் வீசும் காற்றுக்குள் பீய்ச்சுகிறார்கள். துளி நொடிகளில் காய்ந்து தூளாக விழும். பழச்சாற்றில் சர்க்கரை அதிகம். அது காயும்போது பாகாகி அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க மாவுச்சத்திலிருந்து எடுத்த மால்டோடெக்ஸ்ட்ரினைச் சாற்றோடு கலக்கிறார்கள். பழச்சாற்றுப் பொடிகளில் அது மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் பாதி வரைகூடப் போகும். இனிப்புத் தெரியாது, ஆனால் ரத்தச் சர்க்கரையைக் குளுக்கோஸ் போலவே விரைவாக ஏற்றும். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்ற வரி உண்மையாகவே இருக்கும். நீரிழிவு உள்ளவர் அந்த வரியை நம்பி நிம்மதி அடைய வேண்டாம், மொத்த மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) என்ற வரியைப் பார்க்க வேண்டும்.

முப்பது பெயர் இருக்கும் பட்டியலை வாசிக்கவும் ஒரு வழி உண்டு. பொருள்கள் எடை இறங்குவரிசையில் நிற்கும். 10 கிராமை முப்பதால் வகுத்தால் தலைக்கு மூன்றில் ஒரு கிராம். வரிசை இறங்க இறங்க அது சிட்டிகையாகி, இருபதாவது இடத்தில் வரும் புளூபெர்ரியும் மாதுளையும் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் ஐந்து பெயர்தான் டப்பா. மீதி விளம்பரம். "தனிக்கலவை" என்று ஒரே தலைப்பில் பத்துப் பொருளை அடக்கி மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால், உள்ளே எது எவ்வளவு என்பதை அவர்கள் சொல்ல விரும்பவில்லை. அந்த டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

இனி நிறம். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, ஊதா எல்லாவற்றையும் உண்மையிலேயே சம அளவில் அரைத்துக் கலந்தால் வருவது காக்கி. சேற்று நிறம் என்றும் சொல்லலாம். ஐந்து நிறக் கலவை என்று எழுதியிருக்கும் பொடி பளீரென்ற ரோஜா நிறத்தில் தண்ணீரைச் சாயமேற்றினால், அங்கே பீட்ரூட் மற்ற நான்கையும் அமுக்கி உட்கார்ந்திருக்கிறது. பளிச்சென்ற பச்சையாக இருந்தால் பட்டியலில் 141 என்ற எண்ணைத் தேடுங்கள். அது செம்பு ஏற்றிய பச்சையம், நிறத்துக்காகச் சேர்ப்பது. 162 பீட்ரூட் நிறம், 163 ஊதா நிறமி, 160 என்று தொடங்குபவை கரோட்டின் வகை. இவை கெடுதல் என்று சொல்லவில்லை. நிறம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவை சாட்சி.

ஊதா, கருநீலப் பொட்டலம் தனியாக வரும் டப்பாக்களில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. மூன்று கண்ணாடித் தம்ளர், ஒவ்வொன்றிலும் 100 மில்லி தண்ணீர், கால் தேக்கரண்டி பொடி. முதலாவதில் எதுவும் சேர்க்காதீர்கள். இரண்டாவதில் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. மூன்றாவதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா. ஊதா முட்டைகோஸ், கருந்திராட்சைத் தோல், பெர்ரி இவற்றின் நிறமியான ஆந்தோசயனின் எலுமிச்சையில் சட்டென்று இளஞ்சிவப்பாகும், சோடாவில் நீலம் தட்டும், கொஞ்ச நேரம் விட்டால் பச்சைக்குப் போகும். மூன்று தம்ளரிலும் நிறம் அசையாமல் நின்றால் அங்கே ஆந்தோசயனின் பேருக்குத்தான் இருக்கிறது. நிறம் வேறொரு பொருளுடையது. பீட்ரூட்டின் நிறமி வேறு குடும்பம், எலுமிச்சைக்கு அது மசியாது. பெர்ரி என்று எழுதி பீட்ரூட்டைப் போட்டிருந்தால் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும். பச்சைப் பொடி கலந்த டப்பாவில் இது பலிக்காது, பச்சையம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

எடைக்கணக்கை விடுங்கள். டப்பாவின் மேல் உள்ள பெரிய குறை வேறு. எல்லா நிறத்தையும் ஒரே கரண்டியில் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் கலக்கிக் குடி என்று ஒரே செய்முறை தருகிறார்கள். நிறங்கள் அப்படி ஒரே பாத்திரத்தில் ஒத்துப்போகிறவை அல்ல.

தக்காளியின் சிவப்பு லைகோபீன். அதற்குச் சூடும் எண்ணெயும் வேண்டும். சமைக்காத தக்காளியில் அது செல்லின் உள்ளே படிகம் போல இறுகிக் கிடக்கிறது. வேகும்போது செல்சுவர் உடைந்து வெளியே வருகிறது, எண்ணெயில் கரைகிறது, அதன்பிறகுதான் குடல் எடுத்துக்கொள்கிறது. 100 கிராம் சமைக்காத தக்காளியில் சுமார் 2.5 முதல் 3 மி.கி. லைகோபீன். சுண்டக் காய்ச்சிய தக்காளி விழுதில் அதே எடைக்குப் பத்து மடங்கு. ஒரு மேசைக்கரண்டி விழுது, 16 கிராம், ஏறக்குறைய 4.5 மி.கி. தரும். அந்த அளவைத் தக்காளிப் பொடியில் பெற 10 கிராம் வேண்டும். கரண்டி முழுக்கத் தக்காளியாகவே இருந்தால்தான் நடக்கும்.

கேரட், பூசணி, மாம்பழத்தின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினும் எண்ணெய்க் கட்சிதான். கீரையின் பச்சைக்கு அடியில் மறைந்திருக்கும் லூட்டீனும் அப்படியே. இந்த லூட்டீனும் அதன் கூட்டாளி ஸியாக்சாந்தினும்தான் விழித்திரையின் நடுப்புள்ளியில் போய்ப் படிகின்றன. ஒரு வேளையில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தால் போதும், ஒரு தேக்கரண்டி எண்ணெய். கொழுப்பே இல்லாத தண்ணீரில் கலக்கிக் குடித்தால் இந்த மூன்றும் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். லேபிளில் இருக்கும் மில்லிகிராம் வாய்க்குள் போனதைச் சொல்கிறது, ரத்தத்துக்குள் போனதை அல்ல.

ஊதாவும் பீட்ரூட் சிவப்பும் நேர் எதிர். இரண்டும் நீரில் கரைபவை, நெடுநேரச் சூட்டில் சிதைபவை. புளிப்பு இருந்தால் ஊதா நிலைத்து நிற்கும், அதனால் தயிர், எலுமிச்சை, பழத்தோடு குளிர்ச்சியாகச் சேர்ப்பது சரி. பச்சையமோ புளிப்பைக் கண்டால் வாடும். சூட்டில் அமிலம் பட்டதும் அதன் நடுவிலிருக்கும் மக்னீசியம் கழன்று ஆலிவ் பழுப்பாகிறது. பச்சை போகக்கூடாதென்று சோடா போட்டால் நிறம் நிற்கும், வைட்டமின் சியும் பி1-உம் போய்விடும்.

வெள்ளையைப் பற்றி டப்பாக்கள் பேசுவதே இல்லை, நிறமாகக் கண்ணில் படாததாலோ என்னவோ. பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சமைத்தால் அல்லிசின் என்ற கந்தகப் பொருள் உருவாக நேரம் கிடைக்கும், நசுக்கியதும் எண்ணெயில் போட்டால் அதை உருவாக்கும் நொதி முதலில் சாகும். பிராக்கோலி, முட்டைகோஸ் குடும்பத்திலும் இதே கதை. சல்ஃபோராபேன் என்ற பொருள் காயில் ஆயத்தமாக இருப்பதில்லை, நறுக்கும்போது மைரோசினேஸ் என்ற நொதி பட்டு உருவாகிறது. பொடியாக்குமுன் ஆவியில் வாட்டியிருந்தால் நொதி போயிருக்கும். வெந்த பிராக்கோலியின் மேல் ஒரு சிட்டிகை கடுகுத்தூள் தூவினால் அந்த நொதி கடுகிலிருந்து கிடைத்துவிடும். இந்த ஒரு சிட்டிகை செய்வதைப் பிராக்கோலிப் பொடி செய்யாது.

சில டப்பாக்கள் இன்னும் ஓ.ஆர்.ஏ.சி. மதிப்பெண் என்று ஆயிரக்கணக்கில் ஓர் எண்ணைப் போடுகின்றன. சோதனைக்குழாயில் ஆக்சிஜனேற்றத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு அது. உடலுக்குள் நடப்பதற்கு அந்த எண் வழிகாட்டாது என்று சொல்லி அமெரிக்க வேளாண்துறை தன் இணையத்திலிருந்து அந்தப் பட்டியலை 2012-லேயே எடுத்துவிட்டது. இன்றும் அதை அச்சிடும் டப்பா பழைய சரக்கை நம்பிப் பிழைக்கிறது என்று பொருள்.

சிலர் இந்த டப்பாவைத் தொடவே கூடாது, விளம்பரம் இதைச் சொல்லாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் முதலில். பாலக்கீரையில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 480 மைக்ரோகிராம் வைட்டமின் கே. நாள் தேவை 90 முதல் 120. கீரைப்பொடியை ஒரு வாரம் குடித்து மறுவாரம் மறந்தால் மருந்தின் அளவு தாறுமாறாகும். கீரை சாப்பிடலாம், தினமும் ஒரே அளவாக இருக்க வேண்டும், மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொடியில் செறிந்திருக்கும் பொட்டாசியம் ஆபத்து. ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பாலக்கீரையும் பீட்ரூட்டும் செறிவாகச் சேர்ந்த பொடி வேண்டாத விருந்தாளி. கிரேப்ஃப்ரூட் பட்டியலில் இருந்தால், சில கொலஸ்ட்ரால், ரத்த அழுத்த மருந்துகளின் அளவை அது ரத்தத்தில் உயர்த்திவிடும்.

புகைபிடிப்பவர்கள் தனியாகச் சேர்த்த பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பின்லாந்தில் 29,000-க்கு மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. நாளுக்கு 20 மி.கி. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதல். அமெரிக்காவில் 30 மி.கி.யோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்துப் பார்த்த மற்றொரு ஆய்வில் 28 விழுக்காடு கூடியதால், 1996-ல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். கேரட் தின்றவர்களுக்கு இப்படி நேர்ந்ததில்லை. காயிலிருந்து நிறத்தை மட்டும் பிரித்து அளவை ஏற்றினால் அது காயின் குணத்தோடு நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பீட்ரூட் பொடி குடித்த மறுநாள் சிறுநீர் சிவந்தால் மட்டும் பதற வேண்டாம். சிலருக்கு அப்படித்தான், தானே தெளியும்.

சுவை? பச்சைப் பொடி ஈரப்புல் வாடை. ஸ்டீவியா என்ற இலை இனிப்பு சேர்த்தது நாக்கின் ஓரத்தில் நெடுநேரம் கசந்து நிற்கும். தண்ணீரில் நேராகக் கொட்டினால் மேலே தீவுகளாக மிதக்கும். முதலில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கூழாக்கி, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழாது. முழுக்காய்ப் பொடி அடியில் மண்டும், அது குறையல்ல, நார் இருப்பதன் அடையாளம். தெள்ளத்தெளிவாகக் கரைந்தால் அது சாற்றுப் பொடி.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால்: தூவி உலர்த்திய சாற்றுப் பொடிக்கு 1. முழுக்காய்ப் பொடிக்கு 2.5. உறையவைத்து உலர்த்திய ஒற்றைப் பழ, ஒற்றைக் காய்ப் பொடிக்கு 3.5, அதுவும் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தால். அதில் பனி நேரடியாக ஆவியாவதால் சூடு படுவதில்லை, நிறமும் வைட்டமின் சியும் பெரும்பகுதி தப்பும். விலை மற்றவற்றைவிடப் பல மடங்கு. நீண்ட பயணம், காய்கறி கிடைக்காத வேலையிடம், மெல்ல முடியாத நோயாளி, இந்த மூவருக்கும் அதை வாங்கச் சொல்லலாம். எந்த ரகமானாலும் ஈயம், காட்மியம் சோதித்த ஆய்வக அறிக்கை அந்தத் தொகுதி எண்ணுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். கீரையும் கிழங்கும் மண்ணிலிருந்து இவற்றை இழுக்கும், தண்ணீர் போனால் அதுவும் செறிவாகும்.

காய் நறுக்க நேரமில்லை என்பதுதான் டப்பா வாங்கக் காரணம் என்றால், அதற்குத் தகுந்த சரக்கு ஃப்ரீசர் பெட்டியில் இருக்கிறது. உறைந்த காய்கறிப் பொட்டலத்தில் காயை ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் கொதிநீரிலோ ஆவியிலோ வாட்டி, உடனே உறையவைக்கிறார்கள். வைட்டமின் சியில் ஒரு பங்கு வாட்டும்போது போகும், அதன்பின் மைனஸ் 18 டிகிரியில் மாதக்கணக்கில் பெரிதாகக் குறையாது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வாடிக் கிடந்த கீரையைவிட இது மேல். நார் முழுசாக இருக்கிறது, எடை எடையாகவே இருக்கிறது. வாங்கும்போது பொட்டலத்தைக் குலுக்குங்கள். துண்டுகள் தனித்தனியாகச் சலசலக்க வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்தது, வேகும்போது குழைந்துவிடும். சமைக்கும்போது உருகவிடாமல், காய்ந்த அகலச் சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பெருந்தீயில் நேராகப் போடுங்கள். உருகவிட்டுப் போட்டால் தண்ணீர் கக்கி, வதங்காமல் அவியும். பிராக்கோலி இருந்தால் கடுகுத்தூள் சிட்டிகை மறக்க வேண்டாம், வாட்டும்போது அதன் நொதி போயிருக்கும்.

ஏற்கெனவே டப்பா வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: எதிரி வெளிச்சமும் ஈரமும் காற்றும். பொடியின் பரப்பு பெரிது, கரோட்டின் வெளுக்கத் தொடங்கினால் வேகமாக வெளுக்கும். ஆரஞ்சுப் பொடி வைக்கோல் நிறமாகிப் பழைய எண்ணெய் வாடை அடித்தால் சத்து போய்விட்டது. ஈரக்கரண்டி போடாதீர்கள், ஈரம் உறிஞ்சும் பையை எறியாதீர்கள், அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் எடுத்தவுடன் திறக்க வேண்டாம், அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால்தான் உள்ளே நீர் கோக்காது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பொடியைச் சூப்பிலோ குழம்பிலோ அடுப்பை அணைத்தபின் எண்ணெயோடு சேர்த்துக் கிளறுங்கள். ஊதாவையும் பீட்ரூட்டையும் கெட்டித் தயிரில். எல்லாம் ஒன்றாகக் கலந்த டப்பா என்றால் கொழுப்புள்ள தயிர்தான் எல்லோருக்கும் பாதி பொருந்தும் இடம்: புளிப்பும் உண்டு, கொழுப்பும் உண்டு, சூடு இல்லை. அந்தத் தயிரிலேயே ஓர் ஆப்பிளைத் தோலோடு துருவிப் போட்டால், டப்பாவில் இல்லாத நாரும் கொஞ்சம் வந்து சேரும்.